சவரிமுத்து அண்ணனைக் கொன்றது சுழி அல்ல

மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. காளவாசல் செங்கல் சூளையில் வண்டி ஓட்டுகிற ஒருவர் என்னைக் கண்டு நின்றார். “ரைட்டரே, சவரிமுத்து அண்ணே விடியக்காலம் போயிட்டாரு. காய்ச்சல் நெஞ்சுல ஏறிருச்சு” என்றார். எனக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். வரிசையை விட்டுவிட்டு ஓடினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஓடவில்லை. உலகச் சண்டை நடக்கிற காலம், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வீட்டில் நாலு பெண்பிள்ளைகள். பாட்டிலை நிரப்பிக்கொண்டு, அதைக் கையில் பிடித்தபடியே அவர் வீட்டுக்குப் போனேன். அழுகிற வீட்டுக்கு மண்ணெண்ணெய் நாற்றத்தோடு போன ஒரே ஆள் நான்தான்.

பண்ணையில் வேலை பார்த்தவர்களுக்கும், ஆண்டுதோறும் தை மாதம் பண்ணை நாளுக்கு வந்துபோன, உழுது பிழைக்கிற சம்சாரிகளுக்கும் இதை எழுதுகிறேன். என்னையும் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தை இரண்டு முறை படித்தும் தேறாதவன். கையெழுத்து மட்டும் அழகாக இருந்ததால் பண்ணையில் ரைட்டர் வேலை கிடைத்தது. இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டு ஓயலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அடக்கத்துக்கு வந்த ஒரு பெரிய மனிதர், கல்லறை வாசலிலேயே நின்று சத்தமாக ஒன்று சொன்னார்: “பாடைச் சுழி மாட்டைக் கட்டுனான்ல, அதான் தூக்கிருச்சு.” அதைக் கேட்ட பிறகு நல்ல வார்த்தை மட்டும் எழுத எனக்கு மனமில்லை.

பண்ணை நாள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் இரும்புக் கலப்பையால் உழுது காட்டுவார்கள். பிறகு எருக்குழி. பொழுது சாய்ந்ததும் வெள்ளைத் திரையில் மாய விளக்குப் படம். எல்லாவற்றையும்விட அதிகக் கூட்டம் சவரிமுத்து அண்ணனின் மாட்டுப் பாடத்துக்குத்தான் சேரும். அவர் பண்ணையின் மாட்டு மேஸ்திரி. எழுதப் படிக்கத் தெரியாது. ஆறு மாடுகளை வளையத்துக்குள் நிறுத்திவிட்டு என்னை அழைப்பார். “மொதல்ல நம்ம ரைட்டரு ஒரு மாட்டைப் பிடிப்பாரு. அத விட்டுட்டு மிச்சத்தைப் பாருங்க” என்பார். நானும் ஆண்டுதோறும் யோசித்து யோசித்து, கொம்பு அழகான, குளம்பு அழுகிய மாட்டையே போய்ப் பிடிப்பேன். சம்சாரிகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் அவர்கள் மனதில் தங்கிவிடும். குளம்பைத் தூக்கிப் பார், மூச்சைக் கேள், சாணியைப் பார் என்பார். சுழி பார்க்கிறவர்களிடம் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது. “சுழி இருக்கிறது மாட்டுக்கே தெரியாதுய்யா. அதுக்குப் பசி தெரியும், வலி தெரியும். அந்த ரெண்டையும் பாரு” என்பார்.

சொன்னதோடு நிற்கவில்லை. முதுகின் இரண்டு பக்கமும் நேருக்கு நேராக மயிர் சுழித்திருந்தால் அதற்குப் பாடைச் சுழி என்று பெயர். அந்த மாட்டைக் கட்டியவன் இரண்டு வருஷத்துக்குள் பாடை ஏறுவான் என்று நம் பக்கத்தில் எல்லோரும் பயப்படுவார்கள். அப்படி ஒரு கன்று பண்ணையிலேயே பிறந்தது. வெளுத்த நிறம். பண்ணையை நடத்திய எங்கள் வெள்ளைக்காரத் துரையைப் போலவே இருக்கிறது என்று அதற்குச் சின்னத்துரை என்று பெயர் வைத்து, தன் கையாலேயே வளர்த்தார். இரண்டு வயதில் அதைப் பண்ணை நாள் வளையத்துக்குக் கொண்டுவந்தார். அதைவிட லட்சணமான காளை அன்று அங்கே இல்லை.

பண்ணை நாள் கமிட்டித் தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பண்ணைக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் அவருடைய நிலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் தலைவரானதற்கு அந்த வாய்க்கால்தான் தகுதி. முதலில், “துண்டை எடுத்து இடுப்புல கட்டுடா” என்றார். ஐம்பது வயது மனிதர் அத்தனை பேர் முன்னிலையில் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு தலைவர் காளையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “பாடைச் சுழி மாட்டை நடுச்சபையில நிறுத்தியிருக்கான். இவன்கிட்டப் பாடம் கேட்டா உங்க குடும்பம் விளங்குமாய்யா?”

வளையத்தைச் சுற்றி நின்ற கூட்டம் மெல்ல மெல்லக் கரைந்தது. அடுத்த இரண்டு வருஷம் மாட்டுப் பாடத்துக்கு ஆள் வரவில்லை. மாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதருக்கு, மாட்டைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. துரை அந்தக் காளையைத் தரகரிடம் விற்கச் சொல்லிவிட்டார். கயிறு கை மாறியபோது சவரிமுத்து அண்ணன் என்னிடம், “இருக்கட்டும் ரைட்டரே. மாடு மறக்காது, நானும் மறக்க மாட்டேன்” என்றார். நானாக இருந்தால் மறுநாளே மறந்திருப்பேன்.

மூன்றாவது வருஷப் பண்ணை நாளுக்குத் தலைவர் புதிய வில்வண்டியில் வந்தார். வண்டியில் பூட்டியிருந்த வெள்ளைக் காளையைப் பற்றி மேடையில் கால்மணி நேரம் பேசினார். அது வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறதாம். அது வந்த நேரம் வழக்கு ஜெயித்ததாம், மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்ததாம். சவரிமுத்து அண்ணன் கீழே நின்றபடி கும்பிட்டார். “எசமான், அப்பேர்ப்பட்ட மாட்டைச் சனங்க பக்கத்துல வந்து பார்க்கட்டும். இன்னைக்குப் பாடத்துக்கு ஒரு நாழி குடுங்க” என்று கேட்டார். தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. “கொண்டு போடா” என்றார்.

தலைவர் வீட்டு மாடு என்பதால் அன்று கூட்டம் திரண்டது. காளையின் முதுகில் இரு பக்கமும் பழைய சூட்டுத் தழும்பு வட்டமாக இருந்தது. “எசமான், இந்தச் சூடு எதுக்கு?” என்று சவரிமுத்து அண்ணன் கேட்டார். “வாயுப்பிடிப்புக்குப் போட்டதுன்னு தரகன் சொன்னான்” என்றார் தலைவர். அண்ணன் கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு வளையத்தின் மறு ஓரத்துக்குப் போய், “ஏலே சின்னத்துரை!” என்று கூப்பிட்டார். காளை நேரே நடந்து போய் அவருடைய கழுத்தை நக்கியது. மேடையில் இருந்த துரையின் முகம் சிவந்துபோயிற்று. ஆனால் அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

“ரைட்டரே, பண்ணை மாட்டுப் பதிவேட்டை எடுத்துட்டு வாங்க.”

போகாமல் இருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கால் எனக்கு முன்னாலேயே போய்விட்டது. நானே அழகாக எழுதி வைத்ததை நானே நடுங்கி நடுங்கி வாசித்தேன்: “வெள்ளைப் பசுவுக்குப் பிறந்த காளைக்கன்று. இடது காதில் கிழிசல். முதுகில் பாடைச் சுழி.”

எல்லோரும் காளையின் இடது காதைப் பார்த்தார்கள். கிழிசல் இருந்தது. சுழி தெரியாமலிருக்கத் தரகர் சூடு போட்டு விற்றிருக்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சவரிமுத்து அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. “இந்தச் சுழி இருந்தா ரெண்டு வருஷத்துல பாடைன்னு எசமான்தான் சொன்னாக. ரெண்டு வருஷமா எசமான் இந்த வண்டியிலதான் வாராக, போறாக. நல்லாத்தான் இருக்காக. அம்புட்டுத்தான் பாடம்” என்றார்.

“மாப்ள, ரெண்டு வருஷம் இன்னும் முடியலையோ என்னமோ!” என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. பிறகு எழுந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தலைவருக்குத் தன் வண்டியில் ஏறவும் பயம், ஏறாமல் போகவும் வெட்கம். கடைசியில் பயம்தான் ஜெயித்தது. இரண்டு மைல் தூரம் வெயிலில் அவர் நடந்து போக, பின்னால் வண்டிக்காரன் வெற்று வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

அந்த வாரமே வாய்க்காலில் தண்ணீர் நின்றது. சவரிமுத்து அண்ணனை நீக்கினால் தண்ணீர் வரும் என்று தலைவரின் ஆட்கள் வந்து சொன்னார்கள். துரை என்னைக் கூப்பிட்டார். ‘ஒழுங்கு தவறி நடந்தமையால்’ என்று தொடங்கி நீக்கல் தாளை நான்தான் எழுதினேன். நாலு பிள்ளைகள் என்று இங்கேயும் சொல்லலாம். சொன்னால் அவர் சிரிப்பார், அவருக்கு ஐந்து. கைநாட்டு வைத்தபோது அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எழுத்து நல்லா இருக்கு ரைட்டரே. வெரட்டுற தாளாவது பார்க்க லட்சணமா இருக்கட்டும்” என்றார். அதைவிட என்னை அவர் அறைந்திருக்கலாம்.

தலைவர் அந்தக் காளையைச் சந்தைக்கு விரட்டினார். கதை பரவியிருந்ததால் யாரும் அதைத் தொடவில்லை. சவரிமுத்து அண்ணன்தான் வாங்கினார். அதைப் பூட்டி எட்டு வருஷம் காளவாசலில் செங்கல் வண்டி ஓட்டினார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார், பேரன் பேத்தி எடுத்தார். சின்னத்துரை போன வருஷம் கிழடாகிச் செத்தது. மாடு செத்து ஒரு வருஷம் கழித்துத்தான் அவர் போனார். ஆகவே, கல்லறை வாசலில் பேசிய தலைவருக்கு என் பதில் இதுதான்: அந்தச் சுழி அவருக்கு எட்டு வருஷம் சோறு போட்டது. அறுபத்துச் சொச்சம் வயதில் அவரைச் சூளைப் புகையில் நிறுத்தியது நீங்கள். அதற்குத் தாள் எழுதியவன் நான்.

இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வழக்கம்போல வாய் வரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட துணிச்சலில் எழுதுகிறேன். என் மகள்கள் ஆளுக்கொரு படி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் கையெழுத்து நன்றாகத்தான் வருகிறது. வருகிற பண்ணை நாளன்று மாட்டு வளையத்து வேலியில் நாலு பக்கமும் இவை தொங்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் நின்று வாசிப்பேன். நடுங்கினாலும் வாசிப்பேன்.

அடக்கம் முடிந்த பிறகு அவருடைய மனைவி அந்தோணியம்மா என்னைத் தனியே அழைத்து ஒன்று சொன்னார். கடைசி நாள் பங்குச் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்கான எண்ணெய் பூசுதல் கொடுத்துவிட்டு, “சவரிமுத்து, எல்லாரையும் மன்னிச்சிட்டியாப்பா?” என்று கேட்டாராம். இவர் கண்ணைத் திறந்து, “ஒருத்தரைத் தவிர சாமி” என்றாராம். சாமியார் பதறிப்போய், அப்படிச் சொல்லக் கூடாது என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு இவர், “நான் போறேன் சாமி. அவரும் வருவாருல்ல, அங்கன வச்சுப் பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம்.

“அந்த ஒருத்தர் நானாம்மா?” என்று கேட்டேன். 

“நீங்க இல்லண்ணே. ஒங்கள அவரு அன்னைக்கே மன்னிச்சிட்டாரு. பயந்த மனுசன்னு சொல்லுவாரு.”

அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவற்றில் அது ஒன்று. இன்னொன்று, அவர் மன்னிக்காமல் விட்டுப்போன அந்த ஒருத்தர். தலைவர் அங்கே போய்ச் சேரும்வரை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.