தகவல் சேர்ந்துவிட்டது

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே பிறந்து, மலையாளத்தில் படித்து, வீட்டில் தமிழில் சண்டை போட்டு வளர்ந்தவள். அந்தத் தமிழுக்காகத்தான் எனக்கு வேலையே கொடுத்தார்கள். நாகர்கோவில், வள்ளியூர், தென்காசி என்று அந்தப் பக்கத்திலிருந்து வருகிற நோயாளிகள் எங்களுக்கு அதிகம். கூடவே வருகிறவர்களை இங்கே பைஸ்டாண்டர் என்பார்கள். ஐசியூவில் ஆள் கிடந்தால் அவர்களுக்கு உள்ளே இடமில்லை. வராந்தாவிலோ, லிஃப்டுக்குப் பக்கத்திலோ, எதிர்த்த டீக்கடையிலோ கிடப்பார்கள். மருந்து வேண்டும், ரத்தம் வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று உள்ளேயிருந்து கேட்டால் அவர்களைப் பிடித்துக் கொண்டுவருவது என் வேலை.

போன மழைக்காலத்தில் எங்கள் டெலிபோன் போர்டுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டார்கள். போர்டு என்றால் வயரைச் செருகிச் செருகி எடுக்கிற அந்தக் காலத்துப் பலகையில்லை. கம்ப்யூட்டருக்குள் சொருகியிருக்கிற ஒரு அட்டை, லைனெல்லாம் அதன் வழியாகத்தான் போகும். கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் பையன் நல்ல மாதிரி. எங்களையெல்லாம் உட்காரவைத்துப் புது வசதிகளைக் காட்டினான். கண்ட நேரத்தில் கூப்பிட்டு அசிங்கமாகப் பேசுகிற நம்பர்களை அதுவே தடுத்துவிடும். அதற்காக அவனுக்குக் கோயில் கட்டலாம் என்று நான் சொன்னேன். பிறகு முக்கியமான வசதிக்கு வந்தான். இனி பைஸ்டாண்டரை நான் கூப்பிட வேண்டாம். ஐசியூ சிஸ்டர் அவள் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், போர்டே டயல் செய்து, மலையாளமோ தமிழோ ஆளுக்கேற்ற பாஷையில் பேசிவிடும். அவர்கள் ஃபோனை எடுத்துவிட்டாலே சிஸ்டர் முன்னால் பச்சை எழுத்தில் ‘தகவல் சேர்ந்தது’ என்று வரும். அப்புறம் மறுபடி கூப்பிடாது. ஆட்களைத் தொந்தரவு செய்யக் கூடாதாம்.

“சேச்சிக்கு இனி ரெஸ்ட் அல்லே?” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவளுக்கு ஓய்வு கசக்குமா?

சில வாரம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம்தான் அந்த வள்ளியூர்க்காரர் வந்தார். இங்கே ஒரு வீடு கட்டுகிற இடத்தில் கொத்தனார் வேலை. சாரம் சரிந்து, கனமான பலகை ஒன்று முழங்காலில் விழுந்துவிட்டது. காலையில் கொண்டுவந்தபோது அவர் மனைவி கூடவே ஓடி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஒரு ஒயர் கூடை, காலில் செருப்பில்லை. என் கண்ணாடி அறைக்கு வந்து, “யக்கா, ஐசியூ எங்க?” என்று கேட்டாள். வழி சொன்னேன். மனிதரை மயக்கத்தில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள், அவள் வராந்தாவில் உட்கார்ந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐசியூ சிஸ்டர் என்னைக் கூப்பிட்டாள். குரலிலேயே கோபம். “சேச்சி, ஆ தமிழ்ப் பெண்ணு எவிடே? மெசேஜ் கிட்டின்னு காணிக்குன்னு, ஆளைக் காணானில்லல்லோ!” தகவல் போய்ச் சேர்ந்ததாகப் பச்சை எழுத்து சொல்கிறது, ஆள் மட்டும் வரவேயில்லை. விஷயம் இதுதான்: முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் நசுங்கியிருக்கிறது, பாதம் சில்லிட்டுப் போகிறது, உடனே தைக்க வேண்டும். தைத்தும் பிடிக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம். உயிருக்கு ஆபத்து என்றால் இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுச் செய்துவிடுவார்கள். கால் விஷயத்தில், சொந்தக்காரர் கேட்டுப் புரிந்து கையெழுத்துப் போடாமல் கத்தி வைக்க மாட்டேன் என்கிறார் சர்ஜன்.

“எப்ப கூப்பிட்டது அது?” என்று கேட்டேன். சிஸ்டர் சொன்ன நேரத்தைக் கேட்டதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குள் எவ்வளவோ நேரம் போயிருந்தது. பச்சையைப் பார்த்துவிட்டு, இதோ வருவாள் இதோ வருவாள் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நம்பருக்கு நானே போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மைக்கில் தமிழில் நாலு தரம் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. ஐசியூ லைனில் யாரோ, புருஷனைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று பேசியது காதில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பக்கத்து சீட்காரியிடம் போர்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

வராந்தாவில் இல்லை. டீக்கடையில் இல்லை. நாகர்கோவில் பஸ் நிற்கிற ஸ்டாப்பில் பார்த்தேன், அங்கேயும் இல்லை. மழை வேறு தூற ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் திட்டில், கூடையை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபோன் எங்கே என்றேன். கூடைக்கு அடியில், துணிகளுக்குக் கீழே அமுக்கிவைத்திருந்தாள்.

“ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டா ஃபோனை அணைச்சு வைப்பியா?” என்று கத்திவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. “எடுத்தேன்க்கா. ஒரு பொம்பளை பேசுனா. தீவிர சிகிச்சைப் பிரிவுலருந்து முக்கியத் தகவல்னு சொன்னா. வச்சிட்டேன்.”

“முழுசா கேக்க வேண்டாமா?”

“எங்கய்யாவுக்கும் இப்படித்தான் சொல்லி ஆரம்பிச்சாவ.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “நான் கேக்காத வரைக்கும் அவிய இருப்பாவல்லா?”

இத்தனை வருடமாக ஐசியூ பைஸ்டாண்டர்களிடம் நான் எப்படிப் பேசுவேன் என்று அப்போதுதான் யோசித்தேன். சாப்பிட்டியாம்மா, எங்கே இருக்கே, ஆள் நல்லாத்தான் இருக்காரு, ஒரு கையெழுத்து வேணும், சட்டுனு மேல வா. அந்த வரிசையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எழுதியும் வைக்கவில்லை. எழுதியிருந்தால் அந்த இன்ஜினியர் பையன் அதையே போட்டிருப்பான், பாவம். நல்ல தமிழில், மரியாதையாக, எங்கிருந்து பேசுகிறோம் என்று முதலில் சொல்லும்படிதான் அவன் அதைச் செய்து வைத்திருந்தான். ஆபீஸ் முறைப்படி பார்த்தால் அதில் என்ன தப்பு?

“உயிரோட இருக்காரும்மா. சத்தியமா. கால்ல ஆபரேஷன் பண்ணணும், நீ கையெழுத்துப் போடணும்” என்றேன். அவளுக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் ஓடினாள் பாருங்கள், நான் பின்னாலிருந்து கத்தியும் நிற்கவில்லை.

கையெழுத்தானது. தைத்தார்கள். ரத்தம் ஓடவில்லை. மறுநாள் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

முன்னாலேயே வந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று சர்ஜனிடமே போய்க் கேட்டேன். “பறயான் பற்றில்ல” என்றார். சொல்ல முடியாதாம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மேனேஜரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக டேஷ்போர்டைத் திறந்து காட்டினார். அழைப்பு போயிருக்கிறது, எடுத்திருக்கிறார்கள், தகவல் சேர்ந்திருக்கிறது, நம்ம பக்கம் எல்லாம் கிளியர் என்றார். அந்தப் பேச்சு நோயாளியின் ஃபைலுக்கும் போய்விட்டது. ‘பைஸ்டாண்டருக்குத் தெரிவிக்கப்பட்டது, அவர் வரவில்லை’ என்று. வார்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவள் புருஷனுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள்.

நாலைந்து நாள் கழித்து வார்டுக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த சுளைகள் தட்டில் அப்படியே காய்ந்து கிடந்தன. எங்கிட்ட பேசவே மாட்டேங்காவ என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் பேசியதை, முதல் வார்த்தையை, அவள் பயந்துபோய் ஃபோனை அணைத்ததை, மழையில் உட்கார்ந்திருந்ததை. அவர் முழுக்கக் கேட்டார்.

“பயந்தா உள்ளல்லா ஓடி வரணும்” என்றார் சுவரைப் பார்த்தபடி. “வெளிய எதுக்குப் போனா?”

“உள்ள வந்தா சொல்லிருவாவல்லா” என்றாள் அவள்.

பக்கத்துக் கட்டில்காரர் மகன் ஃபோனில் ஏதோ பாட்டு போட்டு, எங்களைப் பார்த்து நிறுத்தினான். கிளம்பலாமென்று நான் திரும்பினேன்.

“கால் அரிக்கி” என்றார் அவர். அவளிடம்தான். சொல்லிவிட்டு முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் சட்டென்று எழுந்து குனிந்தாள். போர்வை அங்கே மெத்தையோடு மெத்தையாகத் தட்டையாகக் கிடந்தது. கை ஒரு கணம் நின்றது. பிறகு பாதம் இருக்க வேண்டிய இடத்தில் போர்வையை மெதுவாகச் சொறிந்தாள்.

“இங்கயா?”

“கொஞ்சம் கீழ” என்றார்.