சித்திரையில் போட்ட பந்தல்

ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டிய மாலை அது. ஈரம் காயாமல் வாழையிலையில் சுற்றி, கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார் சித்தப்பா. சனிக்கிழமை காலை. கதவைத் திறந்தது என் அப்பா. நாங்கள் அவரை நைனா என்போம். வாசலில் நின்ற சித்தப்பா அவருக்குத் தம்பி முறை. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். தலையைத் தாழ்த்தி, குரலை அடக்கி, "எப்போண்ணா எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

"யாரை?" என்றார் நைனா.

சித்தப்பா நிமிர்ந்தார். நைனாவைப் பார்த்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை. கணக்கு இன்னும் சரியாக வராததால் அவர் பார்வை மாடிப்படிப் பக்கம் போயிற்று. மேலே அக்காவும் அவளுடைய இரண்டு மாதக் குழந்தையும் இருந்தார்கள். அந்தப் பார்வை போன இடம் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். மாலை வந்ததற்குக் காரணம் பந்தல். பந்தலுக்குக் காரணம் நான்.

நான் மின்னியல் படித்தவள். ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, அதில் எவ்வளவு வீணாகிறது என்று பார்ப்பது என் தொழில். ஆனால் எங்கள் வீட்டில் அந்த இலாகா நைனாவிடம் இருந்தது. அவர் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்.கே.பேட்டை வழித்தடத்தில் காலமெல்லாம் போய்வந்த பழக்கத்தில், அறை அறையாக ரோந்து வருவார். "உள்ள யாராச்சும் கீறீங்களா?" என்று கேட்பார், பதில் வருவதற்குள் சுவிட்சைத் தட்டிவிடுவார். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த விளக்கை அப்படி எத்தனையோ முறை அணைத்திருக்கிறார். "காத்து வேணும்னா ஜன்னல் சீட்டுல உக்காரும்மா" என்பார். கரண்ட் பில்லைக் குறைக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்: யாராவது ஒருவர் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவர் அவராகவே இருப்பார்.

அக்காவின் தலைப்பிரசவத்துக்காக மாடி அறையில் ஏசி மாட்டினோம். அவள் வாழ்க்கைப்பட்ட வீடு ஆர்.கே.பேட்டையில், வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. தறி ஓடினால் பச்சைக் குழந்தை திடுக்கிட்டு அழும். அதனால் ஆடிக் கிருத்திகை வரைக்கும் இங்கேயே இருந்து, மலைக் கோயிலில் குழந்தைக்கு முடி இறக்கிவிட்டுப் போவதாகப் பேச்சு. மாசியில் குழந்தை பிறந்தது. பங்குனியில் வெயில் ஏறியது. ஏசி பகலும் இரவும் ஓடியது. ஓடியும் அறை குளிரவில்லை. குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. ஏசி பழுது பார்க்கும் பாய் இரண்டு முறை வந்து, தூசி வலையைக் கழுவி மாட்டி, "மிஷின் நல்லாத்தான் கீது, ரூம்புதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கணக்கெடுப்பில் ஐநூறு யூனிட்டைத் தாண்டிவிட்டோம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, அதற்குக் கீழே ஓடியதற்கும் சேர்த்து ஏறும் என்பது இந்த ஊரில் மீட்டர் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஓய்வூதியத்தில் ஓடும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

நைனா அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடிக்கு ரோந்து போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். பதிலாகக் கீழே தன் அறையின் ஃபேனை நிறுத்தினார். மத்தியான வேளைகளில் பின்கட்டு நடையில், ஈரச் சாக்கை விரித்து அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். ஒரு நாள் வெந்நீர் எடுக்க இறங்கி வந்த அக்கா அவரை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டாள். மேலே போய்க் குழந்தையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது பெட்டி பாதி நிறைந்திருந்தது.

"பாவாவை ஞாயித்துக்கெழமை வண்டியோட வரச் சொல்லிட்டேன்" என்றாள். பாவா என்றால் அவள் கணவர். "எங்களுக்குக் குளிரணும்னு நைனா அங்க வேர்த்துகினு கெடக்கறாரு. அதைப் பார்த்துகினு நான் எப்படி இங்க படுக்கறது?"

"தறிச் சத்தத்துல குழந்தை தூங்குமா?"

"பழகிக்கும்" என்றாள். அவள் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

ஞாயிறு வரை எனக்கு நேரம் கொடு என்று கேட்டேன். அறை ஏன் குளிரவில்லை என்று பார்க்க, அன்று மாலை தொழிற்சாலையிலிருந்து வெப்பமானியைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். துப்பாக்கி போல நீட்டினால் எதிரிலுள்ள பரப்பின் சூட்டைக் காட்டும் கருவி. சுவர்கள், ஜன்னல், கதவு என்று வரிசையாகப் பார்த்துவிட்டுக் கடைசியாக மேலே காட்டினேன். பொழுது சாய்ந்த பிறகும் கூரையின் உட்புறம் காய்ச்சல்காரன் நெற்றியைவிடச் சூடாக இருந்தது. பகலெல்லாம் மொட்டை மாடி வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதை அறைக்குள் கக்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ஓர் அடுப்பை எரியவிட்டு, பக்கத்துச் சுவரில் ஏசியை மாட்டியிருக்கிறோம். அது அந்த அடுப்போடு சண்டை போடவே மின்சாரம் செலவாகிறது.

அப்போதுதான் போன வருஷத்து ஆடிக் கிருத்திகை எனக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு ஆடியிலும் நகரி, புத்தூர் பக்கத்து உறவுக்காரர்கள் காவடியோடு வந்து எங்கள் வீட்டில் தங்குவார்கள். அவர்களுக்காக மொட்டை மாடி முழுக்கக் கீற்றுப் பந்தல் போடுவோம். விழா முடிந்த மறுநாளே பிரித்துவிடுவோம். அந்த நாட்களில் இதே மாடி அறையில் பாய்க்குப் பாய் ஆட்கள் படுத்திருக்க, புத்தூர் அத்தை ஒருத்தி குளிர்கிறதென்று ஃபேனை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டாள். ஆடியில் காற்று உண்டு, மழையும் உண்டு. அதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. அதனால் மறுநாள் காலை மாடியின் ஒரு மூலையில் பழைய பேனர் துணியை நாலு குச்சியில் உயர்த்திக் கட்டிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் அக்காவை ஸ்டூலில் ஏற்றி, கூரையில் துணிக்குக் கீழே வந்த இடத்திலும் வெயில் பட்ட இடத்திலும் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். துணிக்குக் கீழே வந்த இடத்தில் வைத்தாள். வெயில் பட்ட இடத்தில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டாள். கருவி காட்டிய எண்ணை அவள் கேட்கவே இல்லை.

நைனாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "சித்திரையில பந்தலா? ஒண்ணு கல்யாணம் நடக்கணும், இல்ல சாவு விழணும். ரெண்டும் இல்லாம வாசல்ல கொம்பும் கீத்தும் எறக்கினா ஊரு இன்னா நெனைக்கும்?"

"நெனைச்சுட்டுப் போகட்டும் நைனா. அக்கா போகாம இருக்கணுமா, ஊரு எதுவும் நெனைக்காம இருக்கணுமா?"

நைனா பந்தல்காரருக்குப் போன் போட்டார். வியாழக்கிழமை கீற்று இறங்கியது. மின்கம்பி போகும் பக்கத்தைத் தொடாமல், கீழே காற்று புகுந்து போக இடம் விட்டு, என் மேற்பார்வையில் பந்தல் எழும்பியது. வாசலில் இறங்கிய கொம்புகளை யாரோ பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார்கள். கண்டக்டர் வீட்டில் பந்தல் என்ற சேதி கனகம்மாசத்திரம் போய்ச் சேர்ந்தது. சித்தப்பாவும் அதைத் தீர யோசித்தே பார்த்திருக்கிறார். பிறகு அவரே சொன்னார்: "கல்யாணம்னா எனக்குப் பத்திரிக வந்திருக்கணும். வரல. அப்போ இன்னாதான் நெனைக்கறது?"

சனிக்கிழமை காலைக்குத் திரும்புகிறேன். அம்மா எப்போதுமே சத்தம் போடமாட்டாள். அன்றும் மெதுவாகத்தான் சொன்னாள்: "பச்சப்புள்ள இருக்கற வூடு. சாவு மாலை வாசப்படி ஏறியாச்சு. இப்பவே பந்தலைப் பிரிக்கச் சொல்லுங்க." பேச்சுச் சத்தம் கேட்டுக் குழந்தையோடு படியில் வந்து நின்ற அக்காவின் முகம் வெளுத்திருந்தது. அவள் மீதித் துணிகளையும் மடிக்கப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. என்னிடம் அளவுகள் இருந்தன. அந்த மாலைக்கு எதிராக அவற்றில் ஒன்றும் பயன்படாது. சித்தப்பா மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

நைனா அதை வாங்கினார். வாழையிலையைப் பிரித்தார். நேராக மாடிப்படி ஏறினார். நாங்கள் பின்னால் போனோம். அறைக்குள் நுழைந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்தப் பெரிய மாலையை ஏசியின் மேல் சார்த்தினார். இரண்டு முனைகளையும் சமமாக இழுத்துவிட்டு இறங்கி, தூரத்திலிருந்து அழகு பார்த்தார்.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து பேச்சு மூச்சு இல்ல" என்றார். "தம்பி கரெக்டாதான் மாலை வாங்கியாந்திருக்கான்."

அது உண்மை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவே ஏசியை நிறுத்தியிருந்தாள். இரவு ஃபேன் மட்டும்தான் ஓடியது. அந்த ஓசையில்லாத அறையில் முதலில் சிரித்தது அம்மா. முந்தானையால் வாயை மூடிக்கொண்டும் அவளால் அடக்க முடியவில்லை. அக்கா குழந்தையோடு கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சித்தப்பா மட்டும் சிரிக்காமல், கையை நீட்டிச் சுவரைத் தொட்டு, அண்ணாந்து கூரையைப் பார்த்து, "நெஜமாவே ஏசி ஓடலியா?" என்று இரண்டு முறை கேட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது பந்தல்காரர் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் பாவா வண்டியோடு வந்தார். தறி ஓட்டுகிறவருக்கு உட்கார்ந்தால் தூக்கம் வரும். சாப்பாடு முடிந்து, குழந்தையைப் பார்க்க மேலே போனவர் நெடுநேரம் இறங்கி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். வெளியே தார் இளகும் வெயில். உள்ளே தரையில் பாவா, தொட்டிலில் குழந்தை, கட்டிலில் அக்கா, மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாலை வெயில் தாழ்ந்த பிறகு எழுந்து வந்து நைனாவிடம், "மாமா, இருக்கட்டும். ஆடிக்கு நானே வரேன்" என்றார். வண்டி காலியாகத் திரும்பியது. பெட்டியில் இருந்த துணிகள் மறுபடி அலமாரிக்குப் போயின.

பந்தல் நிரந்தரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். முதல் கோடை மழைக் காற்றே பாதிக் கீற்றை அடுத்த தெருவில் போட்டது. அதற்குள் நான் அடுத்தடுத்த வேலைகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் கூரை: மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு, வெயிலைத் திருப்பி அனுப்ப. பிறகு ஓட்டைகள்: மாடி அறைக் கதவின் அடி இடுக்கு, ஜன்னலின் விரிசல், ஏசிக் குழாய் போகும் துவாரம். அதற்குப் பிறகுதான் இயந்திரங்கள். சுவரோடு சுவராக ஒட்டியிருந்த ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னால் நகர்த்தினோம். தண்ணீரைப் பிடித்து நிறுத்த வேண்டிய அடி வால்வு தேய்ந்து, மோட்டார் ஒவ்வொரு முறையும் வெறும் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, வால்வை மாற்றினோம். பழைய ஃபேன்களை ஒவ்வொன்றாக, கைக்கு வசதி வந்தபோது மாற்றினோம். நைனா இத்தனை வருஷம் அணைத்த பல்புகள் என் வரிசையில் கடைசியில் இருந்தன. அதை அவரிடம் சொன்னேன். "அப்போ நான் இத்தினி வருசமா டிக்கெட்டு இல்லாத ஆளை வுட்டுட்டு, டிக்கெட்டு வாங்கினவனைப் புடிச்சு எறக்கிகினு இருந்தேனா?" என்றார். வருத்தமாக அல்ல, ஒரு வேலையின் சூட்சுமம் பிடிபட்ட சந்தோஷத்தில் சொன்னார். வெள்ளைப் பூச்சை அவரே அடித்தார். காலை வெயில் ஏறுமுன் குல்லாய் போட்டுக்கொண்டு, மூலை முடுக்கு விடாமல், இரண்டு முறை பூச்சு. ஆள் வைக்கலாம் என்றதற்கு ஒப்பவில்லை.

கணக்கெடுப்பவர் வந்த அன்று நைனா மீட்டருக்குப் பக்கத்திலேயே நின்றார். ஐநூறுக்கு நன்றாகக் கீழே. கணக்கெடுப்பவர் சந்தேகத்தோடு மீட்டரை மறுபடி பார்த்து, "வீட்டுல யாரும் இல்லீங்களா, ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றார். "ஆங், எல்லாரும் இங்கதான் கீறோம். கொழந்தை வேற கீது, நல்லா தூங்கிகினு" என்றார் நைனா. அந்த மாதம் முழுவதும் தெருவில் யார் என்ன நலம் விசாரித்தாலும் அவர் அந்தப் பேச்சில் கொண்டுவந்து முடித்தார். ஆடிக் கிருத்திகையன்று மலையில், காவடிக் கூட்டத்தின் நடுவே, குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து முடி கொடுத்தது. வேர்க்குருவின் தழும்புகூட இல்லாத கழுத்து. சந்தனம் பூசிய மொட்டைத் தலையை அம்மா திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள்.

இப்போது எங்கள் வீட்டுக் கூரை வெள்ளை. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெருவில் இன்னும் சில கூரைகளும் வெள்ளை. பாவாவின் தறிக் கொட்டகைத் தகரத்துக்கும் நைனா போய்ப் பூசிவிட்டு வந்தார். தறிச் சத்தத்துக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. அதனால் இந்தச் சித்திரையிலும் அக்கா வந்தாள். குழந்தைக்கு நடக்க வந்திருந்தது. வாசலிலிருந்து நேராக நைனாவின் கால்களுக்கு ஓடியது. வண்டியிலிருந்து பெட்டியை இறக்கிய பாவா, எப்போது வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று கேட்டார். அக்கா மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "மழை வரட்டும், சொல்றேன்" என்றாள்.