பதில் சொல்ல வேண்டியவர் மேடையில் இருக்கிறார்

கேட்ட கேள்விக்கு நான் சரியான பதில்தான் சொன்னேன். தப்பு அதில்தான் இருந்தது.

ஷார்ஜாவில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கம்பெனியில் அப்போது ஆபரேட்டராக இருந்தேன். கம்பெனி தன் வாடிக்கையாளர்களை ஒரு ஹோட்டலுக்கு அழைத்து, நாற்பது நாற்காலி போட்டு, வண்டி உதிரிபாகக் கடைகளுக்கான ஸ்டாக் புரோகிராமைக் காட்டியது. அதை எழுதியவர் எங்கள் ஆபீசில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா. அன்று பேசியதும் அவர்தான். ஓவர்ஹெட் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று, அவர் தலையசைக்கும்போது பிளாஸ்டிக் தாளை மாற்றி வைப்பது என் வேலை.

பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய வியாபாரி கையைத் தூக்கினார். கேள்வியை என்னிடம் கேட்டார். "பாய், ஒரு பார்ட்டின் நம்பரைத் தயாரிப்பாளன் மாற்றிவிட்டால், பழைய நம்பரில் கிடக்கும் சரக்கு என்ன ஆகும்?"

எனக்குத் தெரியும். ஆறு மாதமாக அந்தப் புரோகிராமுக்கு டேட்டா அடித்தவன் நான். பழைய நம்பரை அடித்தால் அது தானாகவே புது நம்பருக்குக் கூட்டிப் போகும், இரண்டு சரக்கையும் சேர்த்துக் காட்டும் என்றேன். அவருக்குச் சந்தோஷம். அடுத்தவரும் என்னையே கேட்டார். மூன்றாமவரும். அக்கா கையில் மைக்கோடு அப்படியே நின்றார். கூட்டம் கலையும்போது என் சட்டைப் பையில் ஏழெட்டு விசிட்டிங் கார்டு இருந்தன.

பூரித்துப் போயிருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். உப்பளத்தில் சுமை தூக்கிய குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ரேஷன் கடை நோட்டீஸோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, எது வந்தாலும் தெருவே என்னிடம் கொண்டு வரும். "படிச்ச புள்ள, அவனைக் கேளு." அந்த இடத்தில் தெரியாது என்று சொன்னால் அப்பா சுமந்த உப்பெல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி. அதனால் தெரியாததற்கும் ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பழகியிருந்தேன். அன்றைக்குத் தெரிந்ததையே கேட்டார்கள், விடுவேனா?

அஜ்மானுக்குத் திரும்பும்போது காரை ஓட்டியது யாழ்ப்பாணத்து அக்காவின் சிநேகிதியான சென்னை அக்கா. துபாயில் ஒரு பேங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவர். யாழ்ப்பாணத்து அக்கா முன்சீட்டில். அஜ்மானில் அவரோடு ஒரே ஃபிளாட்டில் இருந்த எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட், மலையாளி, என் பக்கத்தில்.

"என்னப்பா, உன் செமினார் நல்லா இருந்துதா?" என்றார் சென்னை அக்கா.

"நல்லா இருந்துதுக்கா. எல்லாரும் ரொம்ப விசாரிச்சாங்க."

"ஆமாமா. யாரை?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. யாழ்ப்பாணத்து அக்கா திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "தம்பி, அது நீர் எழுதின புரோகிராமோ?"

"இல்லக்கா."

"பிறகு?"

"என்னைக் கேட்டாங்கக்கா. தெரிஞ்சதைச் சொன்னேன்."

"கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லுவீரோ? ரோட்டில போறவன் என்ர வயசைக் கேட்டாலும் சொல்லிப் போடுவீர் போல கிடக்கு."

"வயசு ஆர்க்கும் அறியில்லா சேச்சி, பயப்பட வேண்டா" என்றாள் டைப்பிஸ்ட். மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புரோகிராமுக்காக அக்கா தொழில்பேட்டையில் ஒரு கடையின் கவுண்டருக்குப் பின்னால் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட பட்டாணியர் எந்தப் பார்ட்டையும் நம்பர் சொல்லிக் கேட்க மாட்டார், "அந்த நீளமானது", "அந்தக் காது வைத்தது" என்பார். அவர் மனசுக்குள் இருந்த அலமாரியைத்தான் அக்கா புரோகிராமாக எழுதினார். கிரீஸ் கறை படிந்த அவருடைய நோட்டை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் பதில் சொன்னேன்.

சென்னை அக்கா தன் கதையைச் சொன்னார். துபாயில் வருஷா வருஷம் கம்ப்யூட்டர் கண்காட்சியோடு சேர்த்து ஒரு கருத்தரங்கு நடக்கும். போன வருஷம் அவர் அதில் பேசினார். தனியாகப் போனார், முக்கால் மணி நேரம் பேசினார். கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டபோது ஒரு கைகூட எழும்பவில்லை. கடைசியில் தலைவரே நன்றி சொல்லி, புடவை ரொம்ப அழகு என்றாராம்.

"அதுக்கப்புறம் அந்தப் புடவையை நான் கட்டவே இல்லை" என்றார். "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. சண்டைக்குக்கூட ஆள் வரலை பாரு. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனிமே நம்மள்ல யாரும் தனியா மேடை ஏறக்கூடாது."

அந்த வருஷத்துக் கருத்தரங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனியும் ஒரு பேப்பர் கொடுப்பதாக இருந்தது. கூட்டத்துக்கு முதலாளியே வருவார் என்றார்கள். குவைத்தில் திறக்கப்போகும் கிளையில் இந்தப் புரோகிராமை யார் பொறுப்பில் போடுவது என்பதை அங்கே பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். அக்காவின் வேலை அக்காவின் பெயரில் குவைத் போகுமா, மேனேஜரின் பெயரில் போகுமா என்பதுதான் விஷயம்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். கெட்டவர் இல்லை. என் விசாவுக்கு அலைந்தவர். அக்காவை அறைக்கு அழைத்து, "பேப்பரை நீங்க எழுதிக் குடுத்துருங்கம்மா, பேசறத நான் பாத்துக்கறேன்" என்றார்.

"எழுதினவள்தான் கதைப்பாள் சேர். இல்லாட்டி பேப்பர் இல்லை."

"மேடைன்னா வேறங்கம்மா. கஸ்டமருக்கு ஒரு நம்பிக்கை வரோணுமில்லீங்களா? சரி, பேசுங்க. நான் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். கேள்விக்கு மட்டும் நான்."

அக்கா எழுந்து வெளியே வந்தார். கேள்விதான் எல்லாமே என்பது ஷார்ஜா கூட்டத்துக்குப் பிறகு எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.

அடுத்து வந்த நாலு வெள்ளிக்கிழமையும் அஜ்மான் ஃபிளாட்டில் ஒத்திகை. சுவரில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். சென்னை அக்கா தன் கணவருடைய பழைய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வியாபாரியாகிவிடுவார். காலை ஆட்டிக்கொண்டு, "ஏ பாய்! மேனேஜர் கிதர் ஹை? இந்தம்மாவை உக்காரச் சொல்லு, ஜல்தி!" என்று கத்துவார். பக்கத்து ஃபிளாட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டி, வீட்டில் ஏதும் தகராறா என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'ஸாரி' போடுவார். ஒரு ஸாரிக்கு ஒரு பாத்திரம் கழுவ வேண்டும் என்று சென்னை அக்கா சட்டம் போட்டார். முதல் வெள்ளி மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் அத்தனையும் அவரே கழுவினார். கடைசி வெள்ளி கழுவ ஆளில்லாமல் நான் கழுவினேன்.

டைப்பிஸ்ட் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று முடிவானது. முதல் கேள்வி மேடைக்குப் போய்விட்டால் மற்றதும் அந்த வழியில் போகும்.

"கேள்வியை நாங்க எழுதித் தரோம்" என்றார் சென்னை அக்கா.

"வேண்டா. எனிக்கு சொந்தமா ஒரு சம்சயம் உண்டு" என்றாள் அவள்.

"நான் புரொஜெக்டரைப் பாத்துக்கறேன்கா" என்றேன்.

"நீ மேடைப் பக்கமே வரக்கூடாது. ஒரு ஆம்பளை நின்னாப் போதும், கதவுல பிடி இருக்கிற மாதிரி, எல்லாக் கையும் அங்கதான் போகும். தாள் மாத்தறது நான்."

கருத்தரங்கு அன்றைக்கு அவருக்குப் பேங்கில் லீவு கிடைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

கருத்தரங்கு நாளில் வரவேற்பு மேஜையிலேயே ஆரம்பமானது. பேச்சாளர்களின் அட்டைகளைப் பரப்பி வைத்திருந்த இளைஞன் அக்காவின் அட்டையைத் தேடி எடுத்து, மிகப் பணிவாக, "உங்கள் கணவர் வரவில்லையா மேடம்?" என்றான். அட்டையில் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' என்று அச்சாகியிருந்தது. அக்கா அவன் சட்டைப் பையிலிருந்தே பேனாவை உருவி, அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு அட்டையைக் குத்திக்கொண்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது 'ஸாரி' சொல்லவில்லை.

மேடையில் ஓரமாகத் தலைவருக்கு ஒரு நாற்காலி. நடுவில், புரொஜெக்டருக்குப் பக்கத்தில், மேனேஜர் சொல்லி வைத்திருந்த நாற்காலி. அவர் முதலாளியை வரவேற்றுவிட்டுத் திரும்பி வந்தபோது அதில் சென்னை அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் தாள்கள்.

"மேடம், அது என் சீட்டுங்க."

"தாள் மாத்தணுமே சார். நீங்க முன் வரிசையில உக்காருங்க, அங்கேருந்துதான் நல்லாத் தெரியும்."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் சிரித்தபடி கீழே இறங்கினார். அவர் கழுத்து சிவந்திருந்தது.

அக்கா பேசினார். முதல் இரண்டு நிமிடம் குரல் உடைந்தது. பிறகு அந்தப் பட்டாணியரின் "காது வைத்ததை"ச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. உதிரிபாகக் கடை வைத்திருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சிரிப்பு சொந்தமாக இருந்தது. முதலாளி ஜெபமாலை உருட்டுவதை நிறுத்திவிட்டார். சென்னை அக்கா தாளை மாற்றுவதும், நடுநடுவே யாழ்ப்பாணத்து அக்காவைப் பார்த்துக் கண்ணாலேயே 'மெதுவா' என்பதும் பின்வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்தது.

டைப்பிஸ்ட் எழுந்தாள். ஸ்டோர்க்காரர் பழைய நம்பரையே தப்பாக அடித்துவிட்டால் இது எங்கே கூட்டிப் போகும் என்று கேட்டாள். நல்ல கேள்வி. நாங்கள் யோசிக்காத கேள்வி. அதற்கு இன்னும் வழி எழுதவில்லை, எழுதுவேன் என்றார் அக்கா.

அப்போதுதான் ஷார்ஜாவில் என்னைக் கேட்ட அதே வியாபாரி எழுந்தார். மேடையைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்தார்.

"அதோ, அந்தப் பையனுக்கு எல்லாம் தெரியும். பாய், நீ சொல்லு. ஒரு நம்பர் இரண்டு தடவை மாறிவிட்டால்? வாடிக்கையாளன் நடுவில் இருந்த நம்பரோடு சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தால்?"

இருநூறு தலைகள் திரும்பின. மேனேஜர் புருவத்தைத் தூக்கி, சொல்லு, சொல்லு என்று தலையசைத்தார். எனக்கு அந்தப் பதிலும் தெரியும். நாக்கு நுனி வரை வந்து நின்றது. ஊரில் ரேஷன் நோட்டீஸோடு வந்தவர்கள் பார்க்கிற அதே பார்வை. படிச்ச புள்ள.

எழுந்து நின்றேன். "எனக்குத் தெரியாது" என்று இங்கிலீஷில் சொன்னேன். "எழுதியவர் மேடையில் இருக்கிறார். அவரைக் கேளுங்கள்."

யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

வியாபாரி வேறு வழியில்லாமல் மேடைப் பக்கம் திரும்பினார். கேள்வியை மறுபடி கேட்கச் சொல்லவில்லை அக்கா. பலகையில் மூன்று நம்பரை எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்பு போட்டார். பிறகு அவரையே கேட்டார். "இப்போது உங்கள் கடையில் அப்படித் திரும்பி வந்த சரக்கை எங்கே வைக்கிறீர்கள்?" அவர் யோசித்தார். ஒரு மூலையில், என்றார். "அந்த மூலையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" வியாபாரியே சிரித்துவிட்டார். தலைவர் நேரம் முடிந்ததென்று மணியை அடித்தார். அக்கா திரும்பிப் பார்த்து, பதில் இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தார். தலைவர் இரண்டாவது தடவை அடித்தார். சென்னை அக்கா சாவகாசமாக அடுத்த தாளை வைத்தார்.

திரும்பும்போது காரில் ஒரே சத்தம். ஆளுக்கு ஆள் பேசினார்கள். புடவையைப் பற்றி ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை என்று சென்னை அக்கா ஸ்டியரிங்கைத் தட்டினார். என்னை யாராவது பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அஜ்மான் ரவுண்டானா வந்தபோது யாழ்ப்பாணத்து அக்கா திரும்பினார்.

"தம்பி, உமக்கு அந்தப் பதில் தெரியும்தானே?"

"தெரியும்கா."

"அப்ப ஏன் தெரியாதெண்டு பொய் சொன்னனீர்? எனக்காக நீர் ஒண்டும் தெரியாதவனா நிக்க வேண்டாம். அது எனக்கும் மரியாதை இல்லை, உமக்கும் இல்லை. அடுத்தமுறை தெரியும் எண்டு சொல்லும். தெரியும், ஆனா நான் சொல்ல மாட்டன் எண்டு சொல்லும்."

அது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை நான் டூட்டிக்குப் போனபோது, குவைத் விசாவுக்கு இரண்டு போட்டோ வேண்டுமென்று முதலாளி அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் என்று டைப்பிஸ்ட் காதில் போட்டாள். மேனேஜர் என்னை அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஏம்ப்பா, அத்தனை பேர் முன்னால தெரியாதுன்னுட்டயே. நெசமாலுமே தெரியாதா உனக்கு?"

விசாவுக்கு அலைந்தவர். ஒரு ஸாரி சொன்னால் போதும், அதோடு விட்டுவிடுவார்.

"தெரியும் சார்" என்றேன். "நான் சொல்றதா இல்லை."

மறுநாளிலிருந்து எனக்குத் தொழில்பேட்டையில், அக்கா மூன்று வாரம் உட்கார்ந்திருந்த அதே கடையில் டூட்டி. ஆணி, போல்ட், கேஸ்கெட் என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதும் வேலை. அந்தப் பட்டாணியர் முதல் நாளே டீ வாங்கிக் கொடுத்து, மேடம் சவுக்கியமா என்று கேட்டார்.