மடியில் மறைத்த தேங்காய் மூடி

இதை எழுத நான்கு வருடமாகத் தயங்கினேன். மகாபலிபுரம் போகும் வழியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. மகளுக்காக ரோலர் கோஸ்டரில் ஏறினேன். காலையில் அர்ச்சனை செய்த தேங்காய் மூடி வேட்டி மடியில் இருந்தது.

“அண்ணாத்த, மடியில இன்னா கீது? கூடையில போடு,” என்றாள் அங்கே வேலை செய்த பெண்.

கூடை நிறையச் செருப்புகள். சாமி பிரசாதத்தை அதில் எப்படிப் போடுவது? “ஒண்ணுமில்லம்மா,” என்றேன்.

அந்தப் பெண் நின்ற மேடைக்கு மேலே வண்டி தலைகீழாகச் சுழன்றபோது மடி அவிழ்ந்து தேங்காய் பறந்தது. இறங்கி வந்தால், அந்தப் பெண் நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், விரலிடுக்கில் ரத்தம். மறு கையில் என் தேங்காய் மூடி.

“சாமி தேங்கா கீய வுயுந்துச்சேன்னு மனச பேஜார் பண்ணிக்காத, அண்ணாத்த,” என்று என்னைத் தேற்றினாள்.

மன்னிப்புக்கூடக் கேட்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் காயம் ஆறியதா என்று இன்றுவரை தெரியாது. யாரிடமாவது இதைச் சொன்னால், நான் சொன்ன பொய்யையும் விட்டுவிடாமல் அப்படியே சொல்லுங்கள்.