நோன்பில் விட்டுப்போன வெள்ளை மாத்திரை

மாவாட்டும்போதுதான் மூட்டுவலி முதலில் தெரிந்தது. குழவியைப் பிடித்த விரல்கள் நிமிர மறுத்தன. எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் எங்கள் தெரு டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். அது ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தானே சுரப்பதைப் போன்றது) என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வலி போன இடம் தெரியவில்லை. அவருக்காக துஆ (பிரார்த்தனை) செய்யாத நாளில்லை.

முகம் உப்பியது. "இன்னாக்கா, மச்சான் கறிய ஜாஸ்தி போடறாரா?" என்று தங்கை கேலி செய்தாள். நானும் சிரித்தேன்.

சில வருடங்களில் ஒரே சோர்வு, முடி கொட்டியது. வேலூரில் ரத்தம் சோதித்தார்கள். வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, வலி மாத்திரை என்றோம். தைராய்டு (உடம்பின் வேகத்தை ஆளும் கழுத்துச் சுரப்பி) கம்மி என்று வந்தது. அதற்கொரு மாத்திரை, வெறும் வயிற்றில்.

ரமலான் வந்தது. புது மாத்திரையை சஹர் (விடியுமுன் உண்பது) சோற்றுக்கு முன் போட்டுக்கொண்டேன். வெள்ளை மாத்திரை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது. நோன்பில் காலைச் சாப்பாடு ஏது? விட்டுவிட்டேன். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்றார் என் கணவர். வலி மாத்திரை தின்பவளெல்லாம் நோயாளியா என்று எனக்கு வீம்பு.

முதல் வாரத்திலேயே, நோன்புக் கஞ்சி கிண்டும்போது சரிந்தேன். ஓயாத வாந்தி. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"அது ஸ்டீராய்டுனு ஏம்மா சொல்லல?" என்றார், என் கணவர் காட்டிய வெள்ளை மாத்திரையைப் பார்த்த டாக்டர். ஸ்டீராய்டு பிட்யூட்டரியை (மூளைக்கு அடியிலுள்ள தலைமைச் சுரப்பி) அமுக்கிவிடுமாம். அது ஏவாததால் தைராய்டு குறைவாகத் தெரிந்திருக்கிறது. தைராய்டுக்கு நோயே இல்லை. அட்ரினலும் அப்படியே தூங்கிவிட்டது. ஸ்டீராய்டை விட்டு தைராய்டு மாத்திரையை மட்டும் போட்டதில், உடம்பில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச ஸ்டீராய்டும் சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"அப்போ ரெண்டயும் நிறுத்திடலாங்களா?" என்றார் என் கணவர்.

"தைராய்டு மாத்திரய நிறுத்திடலாம். ஸ்டீராய்ட திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா கொறச்சிப் பாப்போம்."

எண்பதுகள் முடியும்வரை குறைத்துப் பார்த்தோம். பாதியாக்குவோம், காலாக்குவோம். ஒரு காய்ச்சல் வரும், சரிவேன், மறுபடி முழு மாத்திரை. தூங்கிய அட்ரினல் எழவே இல்லை. நடுவில், மாத்திரை எலும்பை அரித்ததில் இடுப்பெலும்பும் முறிந்தது. கடைசியாகப் போனபோது, "இனிமே கொறைக்க வேணாம்மா" என்றார் டாக்டர்.

இதைப் படிக்கும் நீங்கள் இந்த மாத்திரை சாப்பிடுபவரானால், நீங்களாக நிறுத்தாதீர்கள். பெயர் தெரியாவிட்டால் மாத்திரையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். எனக்கு இனி இந்த எச்சரிக்கையால் பயனில்லை.

இப்போதும் ரமலானில் வீடே மாலை பாங்குக்கு (தொழுகை அழைப்புக்கு) காத்திருக்கும். நான் மாத்திரைக்காகக் காலையிலேயே அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு இட்லி தின்பேன். வெட்கமாக இருக்கிறது. அடுத்த வருடம் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமா என்று மகள் கேட்கிறாள். வைக்கலாம் என்கிறேன். என் உடம்புக்கு அடுத்த வருடமெல்லாம் தெரியாது. நாளைக் காலை மாத்திரை வரைக்கும்தான் தெரியும்.