புதன்கிழமைச் சின்னராசா

லண்டனில் ஒரு கதையின் முடிவைக் கேட்பது, ஒருவரின் சம்பளத்தைக் கேட்பதைவிடப் பெரிய குற்றம். போன புதன்கிழமை காமிக்ஸ் கடைக்குள் நுழைந்ததும், "இந்த வாரம் அவன் சாகிறானா?" என்று கேட்டுவிட்டேன். கல்லாவில் நின்ற தாடிக்காரர் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கதையைக் கெடுக்க வரவில்லை, முடிவைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அது அவர்களுக்கு இன்னும் மோசமாக விளங்கியது. புத்தகத்தை ஒரு பையில் போட்டு வாயை மடித்து ஒட்டித் தந்தார் தாடிக்காரர்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. முதியோர் இல்லமொன்றில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. முகமூடி வீரர்கள் மேல் உள்ள பைத்தியம் இந்த ஊரில் பிடித்ததல்ல. எங்கள் ஊரான செட்டிபாளையத்தில் அட்டை கிழிந்த ஒரு காமிக்ஸுக்காகத் தம்பி ரூபனும் நானும் அடிபட்டு வளர்ந்தவர்கள். இப்போது இங்கே வாராவாரம் வருகிற தொடரொன்றில், இரும்புக் கையுறை போட்ட ஒருவன் வெள்ளத்தை மறித்து ஒரு நகரத்தைக் காக்கிறான். ஆங்கிலத்தில் அவனுக்கு வாய்க்குள் நுழையாத பெயர். ரூபன் அவனுக்குச் சின்னராசா என்று பெயர் வைத்துவிட்டான். புதன்தோறும் மதிய இடைவேளையில் பஸ் தரிப்பிடத்தில் இருந்து, போனில் அவனுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வேன். அங்கே பொழுது சாய்கிற நேரம். தோணியைக் கட்டிவிட்டு வாவிக்கரையில் இருந்து கேட்பான். நான் மூச்சு வாங்கினால், "மறுகா?" என்பான். பிறகு என்ன நடந்தது என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பது.

மாரிமழை தொடங்குமுன் ஒருநாள், ஆஸ்திரேலியாவுக்குப் படகொன்று வெளிக்கிடப் போவதாகவும் தானும் பெயர் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். நான் கத்தினேன், அழுதேன், நடுக்கடலில் போனவர்களை எல்லாம் நினைவுபடுத்தினேன். அவன் குரலை உயர்த்தவேயில்லை.

"நீ மட்டும் போகல்லியா அக்கா?"

நானும் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவள்தான். வாயில் வந்ததைச் சொன்னேன்: சின்னராசாவின் கதை முடியட்டும், பிறகு போ. அவன் சிரித்தான். ஆனாலும் அடுத்த புதன்கிழமை போனை எடுத்தான்.

வைகாசியில் எங்கள் கண்ணகை அம்மன் கோயில் சடங்கில் அம்மனின் கதையைப் பாட்டாகச் சொல்லும் காதை படிப்பார்கள். அம்மன் கோபத்தில் மதுரையை எரிப்பாள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வருடாவருடம் போய்க் கேட்போம். முடிவைச் சொன்னதற்காக அங்கே யாரும் யாரையும் முறைத்ததில்லை. ஆனால் எரித்த இடத்தோடு விட்டுவிட்டு யாரும் எழும்பக்கூடாது. குளிர்த்திப் பாட்டுப் பாடி அம்மனைக் குளிரவைத்து, அந்தத் தண்ணீர் நம் முகத்திலும் பட்ட பிறகுதான் வீடு திரும்பலாம். அந்த வழக்கத்தைத்தான் நான் ரூபனுக்கு விலங்காக மாட்டினேன். பாதிப் புத்தகத்தை வாசித்து மீதியை அடுத்த வாரத்துக்கு ஒளித்துவைக்கவும் தொடங்கினேன்.

போன புதன்கிழமைதான் படகுக்குப் போகிற ஆட்களை ஏற்ற வான் வண்டி வருவதாக இருந்தது. முந்திய வாரம் அணை உடைந்து சின்னராசா தண்ணீருக்குள் போயிருந்தான். பஸ் தரிப்பிடத்தில் பையைக் கிழித்துப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரூபனை அழைத்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் அழைத்தேன். கடைசியில் எடுத்தான். பின்னால் தண்ணீர்ச் சத்தம். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "நீ வாசி அக்கா" என்றான்.

வாசித்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் இழுத்து இழுத்து, இல்லாத வசனங்களையும் சேர்த்துச் சொன்னேன். அவன் "மறுகா?" என்றுகொண்டே இருந்தான். கடைசிப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, மிச்சம் அடுத்த கிழமை என்றேன்.

"ஒளிக்காத. அவன் எழும்பமாட்டான். ரெண்டு கையுறையும் தண்ணியில மிதக்கும். காலமேயே போன்ல பாத்திட்டன்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. தெரிந்துகொண்டு எதற்காக இவ்வளவு நேரம் கேட்டாய் என்று கேட்டேன்.

"சடங்கில தெரியாமலா கேக்கிற? வான் வந்திட்டுப் போயிட்டுது அக்கா. நான் வாவிக்கரையிலதான் நிக்கிறன்."

நான் ஏற வேண்டிய பஸ் வந்து கதவைத் திறந்தது. சாரதி என்னைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகச் சொல்லிக் கைகாட்டினேன். மூடியிருந்த கையை எடுத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். கையுறைகள் மிதந்தன. கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது.

இந்த முறை அவன் "மறுகா?" என்று கேட்கவில்லை.

"நான் போகல்ல. நீ எப்ப வாறாய்?"

வேலைக்கு நேரமாகிவிட்டது. புத்தகத்தை மூடினேன். அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு நாள்தான் இருந்தது.

"புதன்கிழமை" என்றேன்.