நோட்ஸம்மாவும் அந்த ‘நான்’ கதையும்

கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கைடு போடும் அந்தப் பதிப்பகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நோட்ஸம்மா என்பார்கள். எந்தக் கதையைக் கொடுத்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கரு, கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, உச்சக்கட்டம் என்று கூறுபோட்டு வைத்துவிடுவாள். அதில் ஒரு வரி அவளுக்குச் செல்லம். ‘நான்’ என்று சொல்லப்படும் கதை எது வந்தாலும், நோக்குநிலை என்ற தலைப்பின் கீழ் அதை அப்படியே போடுவாள்: "கதையை ‘நான்’ என்பவரே சொல்வதால் நம்பகத்தன்மை மிகுகிறது." அந்த வரியை மனப்பாடம் செய்து பாஸானவர்கள் ஊரில் ஏராளம்.

இந்த வருஷம் புதுப் பாடத்திட்டத்தில் அவள் தங்கையின் சிறுகதை சேர்ந்திருந்தது. நோட்ஸம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் தங்கச்சி எழுதினது!" என்று முதலாளி முதல் பைண்டிங் ஆள் வரை சொல்லியாகிவிட்டது. எல்லாருக்கும் டீ வேறு. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தாள்.

படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஓர் அம்மா. அவளைப் பார்த்துக்கொள்ளும் இளைய மகள், அவள்தான் ‘நான்’. புண் வந்துவிடக் கூடாதென்று அம்மாவைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்கிறாள். அம்மா தெருவைப் பார்க்கட்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடுகிறாள். மூத்தவள் எங்கோ தூரத்தில். ஃபோனில் விசாரிப்பதோடு சரி. கடைசியில் வந்து அம்மாவின் வளையலைத் தேடுகிறாள்.

அடிப்பாவி! கட்டிலை இழுத்தது யார்? இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நிமிர முடியாமல் கிடந்தது யார்? நோட்ஸம்மாதான். வளையலாம் வளையல்! அதை மருந்துக்கு விற்றது தங்கைக்கும் தெரியும். தூரத்தில் இருந்துகொண்டு ஃபோன் போட்டவளே அவள்தான். "இன்னிக்கு அம்மா என்ன பண்ணாங்க? சொல்லுக்கா, சொல்லு" என்று கேட்பாள். பாசம் என்று நம்பி இவளும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அம்மா கடைசியாக இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னதை மட்டும்தான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயங்காலமே தங்கையைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, நான் எப்போ வளையல் தேடுனேன்?"

"ஐயோ, அது கதைக்கா. நீயே நோட்ஸ் எழுதுறவ, உனக்குத் தெரியாதா? எதிர்ப் பாத்திரம் இல்லாம கதை எப்படி நிக்கும்?"

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா? பக்கத்து வீட்டுக்காரிய போட வேண்டியதுதானே?"

"உன் பேரு கூட போடலையே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேடி."

ஏதோ கூட்டத்தில் பேசப் போக வேண்டும் என்று தங்கை வைத்துவிட்டாள்.

மறுநாள் நோட்ஸம்மா தன் செல்ல வரியை அடித்துவிட்டு, "‘நான்’ என்பவர் சொல்வதாலேயே அது உண்மையாகிவிடாது" என்று எழுதிக் கொடுத்தாள். முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னம்மா இது? வருஷா வருஷம் நீங்க எழுதுனதத்தான் பேப்பர் திருத்துறவங்களே எதிர்பாக்குறாங்க. பசங்க மார்க்குல கை வைக்காதீங்க."

பழைய வரியே அச்சாயிற்று. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டது போலத்தான். அதன் கீழே, "மூத்த மகள்: தன்னலம் மிக்க எதிர்மறைப் பாத்திரம்." அதையும் அவள்தான் எழுதினாள், கதையில் இருப்பது அதுதானே, வேறென்ன எழுதுவது? எழுதிவிட்டுக் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கூடப் பிறந்தவளே இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

கைடு கடைக்கு வந்த வாரம் தங்கை கூப்பிட்டாள். குரலில் தேன் ஒழுகியது.

"பாத்தேன்க்கா, சூப்பரா எழுதிருக்க! அப்புறம், அடுத்த கதைக்கு ஒண்ணு வேணும். கடைசியா அம்மா உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

நோட்ஸம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லல. தூக்கத்துலயே போயிட்டாங்க."

"நல்லா யோசிச்சுப் பாரேன்க்கா..."

"அதான் சொல்றேன்ல, ஒண்ணும் சொல்லல."

அம்மா என்னதான் சொன்னாள் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "போங்க, நீங்களும் கதை எழுதுறவங்கதானே?" என்று எழுந்து போய்விட்டாள்.